மாமா வீட்டு அலுமாரியைப் பார்க்க வந்தவர்கள்

சுற்றுலா வழிகாட்டிக்கு அறிவைவிடக் குரல்தான் முக்கியம். தெரியாத விஷயத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில், நடுவில் ஓர் இடைவெளி விட்டுச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் நம்பிவிடுவார்கள். மிச்சக் கால்வாசிப் பேர் என்ன செய்வார்கள் என்பதை நான் கற்பிட்டியில், என் சொந்த மாமா வீட்டில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் கடற்கரையோரம் ஒரு சின்ன ஹோட்டலில் வேலை செய்துகொண்டிருந்தேன். டொல்பின் பார்க்க வருகிறவர்களை விடியற்காலையில் படகில் ஏற்றிக்கொண்டு போய், "அதோ, அதோ" என்று கை நீட்டுவதுதான் வேலை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் பயணிகளுக்கு முன்னால் நான் வாந்தி எடுத்துவிடுவேன். (கற்பிட்டியில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் யாரும் நம்புவதில்லை. நான் ஏதோ தின்றுவிட்டு வந்ததாகவே பயணிகள் நினைப்பார்கள்.) எப்படியாவது தரையில் ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் கூப்பிட்டார்.

கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறதாம். டொல்பின் வேண்டாமாம், கடலும் வேண்டாமாம். பழைய கதிரை, கட்டில், கதவில் செதுக்கிய பூ, நிலத்தில் பதித்த ஓடு, விளக்குக் கண்ணாடி, இவற்றைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்களாம். மேனேஜருக்கே அது புரியவில்லை. மீன் தின்ன வருகிறவனைக் கண்டிருக்கிறேன், காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறவனையும் கண்டிருக்கிறேன், கதிரை பார்க்க வருகிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார். இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் இனி இந்த மாதிரிக் குழுக்களுக்கு நான்தான் நிரந்தர வழிகாட்டி, படகில் ஏறத் தேவையில்லை என்றும் சொன்னார். அந்த மாதிரிச் சாமான்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"எங்கட குடும்பமே அதுகளுக்குள்ளதான் வளந்திச்சி சேர்" என்றேன்.

முழுப் பொய் இல்லை. கற்பிட்டி டவுனில் என் மாமா வீட்டில், அதாவது உம்மாவின் கூடப்பிறந்த நானா வீட்டில், ஓர் அலுமாரி இருந்தது. முதிரை மரத்தில் செய்து கருங்காலியால் ஓரம் கட்டிய பெரிய அலுமாரி. உச்சியில் சிப்பி மாதிரி ஒரு செதுக்கல், கதவுகளில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டுகள். அது எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. மாமி அதன் மேல்தட்டில் பெருநாள் உடுப்புகளும் கீழ்த்தட்டில் பாய்களும் தலையணைகளும் அடுக்கியிருப்பார். சின்ன வயதில் நானும் மாமாவின் மகள் ஷிப்னாவும் அந்தத் தலையணைகளுக்குள் ஒளிந்து கிடப்போம். உள்ளே பூச்சிக்குண்டு மணக்கும். அங்கே தூங்கிப்போய், வீட்டார் கிணறு வரைக்கும் தேடிய கதையும் உண்டு. ஆகவே "அதுகளுக்குள்ளதான் வளந்திச்சி" என்பதை நேர்ப் பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு மாம்புரியில் தென்னந்தோட்டம். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். அதனால் மாமிக்குத்தான் போன் பண்ணினேன். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நான் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு யாரு செல்லின?" என்று கேட்டார்.

"ஹோட்டல்லதான் மாமி. நல்ல பெரிய இடத்து ஆக்கள்."

"பெரிய இடம் எண்டு எங்களுக்கும் செல்லினாங்க. அவங்க ஒங்கட ஹோட்டல்லயா தங்குறாங்க?"

"ஓம் மாமி. ஏழெட்டுப் பேர் வரும். உள் அறைக்கும் போய்ப் பாக்கணும் எண்டுவாங்க. நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் பாப்பாங்க. நீங்க ஒண்டும் நினைக்கக் கூடாது."

"பாக்காம பின்ன? அதுக்குத்தானே வாறாங்க மகன்" என்றார் மாமி. குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. தேத்தண்ணி மட்டும் போதும் என்று நான் சொன்னதற்கு, வாயை மூடு என்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதே சனிக்கிழமை, நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, ஷிப்னாவைப் பெண் பார்க்கக் கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கண்ணூறு பட்டுவிடும் என்று சொந்தக்காரர்களுக்குக்கூட மாமி மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரே என் ஹோட்டலில் தங்கி, என்னிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. தலைவி ரிஸ்வியா மேடம், கொழும்பில் உள்வீட்டு அலங்காரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முக்காடும் மூக்குக்கண்ணாடியுமாக, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். லண்டனில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த ஹமீட் டொக்டர், அவருடைய வெள்ளைக்கார மனைவி, இம்ரான் என்கிற இளம் கட்டடக் கலைஞன், இன்னும் மூன்று நான்கு சீமாட்டிகள். டொக்டருக்கு ஸலாம் சொல்ல மட்டும் தெரியும். மற்றத் தமிழெல்லாம் லண்டனில் கரைந்துவிட்டிருந்தது.

ஹோட்டல் வரவேற்பறையிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். அங்கிருந்த மேசையில் கையை வைத்து, குரலைத் தாழ்த்தி, இடைவெளி விட்டு, "ஒல்லாந்தர் காலம்" என்றேன். டொக்டர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மரியாதையான துக்கம் இருந்தது. அடியில் மொறட்டுவைத் தளபாடக் கடை ஒன்றின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம், தொலைபேசி இலக்கத்தோடு.

அதற்குப் பிறகு டவுனில் பழைய தேவாலயத்தைப் பார்த்தோம். அங்கே அவர்களே ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டார்கள். கல்லறைக் கல்லில் செதுக்கிய எழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நான் தள்ளி நின்று, வழியை மறித்த கழுதைகளை விரட்டினேன். என் மானத்தைக் காப்பாற்ற இனி மாமாவின் அலுமாரி ஒன்றுதான் மிச்சம்.

மாமா வீட்டு வாசலில் வேன் நின்றபோது எனக்கே திகைப்பாக இருந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டில் நின்றார். மாமி பெருநாளுக்குக்கூட எடுக்காத கண்ணாடிக் கோப்பைகளில் சர்பத்தோடு வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்களே என்று என் காதில் கடிந்தார். நான், என் சொந்தங்கள் எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். (இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.)

மாமிக்கு எல்லாமே பொருந்திப்போனது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் வெளிநாட்டில் என்று தரகர் சொல்லியிருந்தார். டொக்டர் ஸலாம் சொல்லிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்சாதியோடு நுழைந்தார். ரிஸ்வியா மேடம் மாப்பிள்ளையின் உம்மா. இம்ரான்தான் மாப்பிள்ளை. அவன் வந்ததிலிருந்து யன்னலுக்கு மேலே இருந்த மரப் பின்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலையைக்கூடக் குனியாத இப்படி ஒரு வெட்கமா என்று மாமி உள்ளே போய்ச் சொன்னாராம்.

பெண்களை மாமி உள் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன நடந்தது என்பது பிறகு ஷிப்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைப் பட்டுச் சாரி உடுத்தி, அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். பெண்கள் உள்ளே வந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவளைத் தாண்டி அலுமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் தரையில் படுத்து அதன் கால்களைப் பார்த்தார். ஒரு சீமாட்டி பூட்டைத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் போனை எடுத்தார்கள். படத்தில் ஷிப்னாவின் தோள் விழுந்ததுபோல் இருக்கிறது. ரிஸ்வியா மேடம் மிகவும் அன்பாக, "தங்கச்சி, கொஞ்சம் அங்கால போறீங்களா, நீங்க மறைக்கிறீங்க" என்றார்.

ஷிப்னா எழுந்து கதிரையையும் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள்.

முன் ஹோலில் ஆண்கள் இருந்தோம். டொக்டர் வாசல் திரை விலகிய நேரம் அலுமாரியை ஒரு தடவை கண்டுவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமாவிடம் கேள்வி மேல் கேள்வி. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தவன் நான். என் ஆங்கிலம் டொல்பினுக்குப் போதும், இதற்குப் போதாது. ஆகவே சுருக்கமாக மொழிபெயர்த்தேன்.

டொக்டர் அலுமாரிக்கு எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டார். நான் மாமாவிடம், "வயசு கேக்குறார் மாமா" என்றேன்.

"இருபத்தி நாலு" என்றார் மாமா.

மாமாவுக்கு நாக்குத் தவறிவிட்டது என்று நினைத்து, நானே ஒரு சைபரைச் சேர்த்து இருநூற்று நாற்பது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அதை நம்பினார். அந்த வயதுக்கு மிகவும் நல்ல நிலையில் இருக்கிறது, எங்கேயாவது உடைந்து திருத்தியிருக்கிறதா என்று கேட்டார்.

"பழுது கிழுது ஏதும் இரிக்கா எண்டு கேக்குறார் மாமா."

மாமாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனாலும் நேர்மையான மனிதர். "சின்ன வயசுல வலக்கை ஒருக்கா முறிஞ்சிச்சி. பத்துக் கட்டிச் சரியாக்கின. இப்ப பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

வலது பக்கக் கைப்பிடி ஒன்று புதிது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் நெகிழ்ந்துவிட்டார். குறையை மறைக்காமல் சொல்கிற மனிதரை இந்தத் துறையில் தான் கண்டதே இல்லை என்றார். இப்படிப்பட்ட ஒன்று தன் வீட்டுக்கு வந்தால் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்வேன் என்றார். அதை மட்டும் நான் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன்.

மாமாவின் கண் நிறைந்துவிட்டது.

"அந்த ஒரு வார்த்த போதும் மகன். அல்லாட பேரால தந்துட்டன் எண்டு செல்லு."

சொன்னேன். டொக்டர் எழுந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். மாமாவும் கட்டிப்பிடித்தார். வயதான இரண்டு மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத்தான் ஒரு சின்ன உறுத்தல். மாமி அந்தப் பாய்களையும் தலையணைகளையும் இனி எங்கே வைப்பார்? இம்ரான் அதற்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் வாசற்கதவின் அகலத்தை அளக்கத் தொடங்கிவிட்டான்.

அந்த நேரம்தான் வெளியே இன்னொரு வேன் வந்து நின்றது. மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, யார் என்று போய்ப் பார்க்கச் சொன்னார்.

வேனுக்குள் கொழும்பு ஆட்கள். சாப்பாட்டுத் தட்டங்கள், பழக்கூடை, நல்ல உடுப்பு. இந்த வீடுதானே என்று அட்ரஸ் சொல்லிக் கேட்டார்கள். பயணம் இவ்வளவு சீக்கிரம் பிரபலமாகிவிட்டதா என்று எனக்குள் ஒரு பூரிப்பு. மேனேஜர் சொல்லாமல் அடுத்த குழுவை அனுப்பிவிட்டார் என்றே முடிவு செய்தேன். வேன் யன்னலுக்குள் தலையை நீட்டி, நன்றாக நினைவிருக்கிறது, இப்படிச் சொன்னேன்:

"மன்னிக்கணும், உள்ளுக்கு ஒரு குரூப் பாத்துக்கிட்டு இரிக்கி. அவங்க முடிஞ்ச ஒடனே உங்களக் கூப்பிடுறன்."

பின் இருக்கையில் இருந்த பெரிய மனுஷி ஒருவர், இன்றைக்கு எத்தனை குரூப் பார்க்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"இண்டைக்கி உங்களோட ரெண்டு. இனிக் கிழமைக்கி ரெண்டு மூண்டு கொண்டு வர யோசிக்கிறன்" என்றேன். இதைச் சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

முன் இருக்கையில் இருந்தவர் வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கலியாணத் தரகர். தரகரை இன்னும் காணோமே என்று மாமா வாசலுக்கு வந்தார். தரகரைக் கண்டார். வேனைக் கண்டார். திரும்பி, கதவை அளந்துகொண்டிருந்த "மாப்பிள்ளை"யைக் கண்டார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். ரிஸ்வியா மேடம்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் உம்மாவிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, தாங்கள் அலுமாரி பார்க்க வந்தவர்கள் என்று சொல்லிப் புரியவைத்தார். ஷிப்னாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். டொக்டர், தனக்குத் தரப்பட்டது அலுமாரி இல்லை என்று விளங்கியதும், சின்னப் பிள்ளை மாதிரி முகம் சிவந்து மாமாவின் தோளைத் தட்டினார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வைத்திருந்த இனிப்பு வட்டிலப்பத்தில் பாதி போய்விட்டிருந்தது. குழு வேனில் ஏறிப் போனது. போகும்போது ரிஸ்வியா மேடம், நல்லது செய்வதாக நினைத்து, ஒரு வார்த்தை விட்டுப் போனார். இப்படி ஒரு அலுமாரி மியூசியத்தில்கூட இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று.

அந்த வார்த்தைதான் வினையாகிப் போனது.

மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்து இருந்தார்கள். மிச்ச வட்டிலப்பம் வந்தது. என்னை மாமா ஒரு மூலையில் இருத்தி வைத்திருந்தார், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. மாப்பிள்ளையின் உம்மா உள் அறைக்குப் போனார், வந்தார். ஷிப்னாவைப் பற்றி ஒரு வார்த்தை, அலுமாரியைப் பற்றி நாலு வார்த்தை. கொழும்பு வீட்டு ஹோலில் அதற்குத் தோதான ஒரு சுவர் இருக்கிறதாம். பெண்ணுக்கென்று புதுத் தளபாடம் ஒன்றும் வேண்டாம், இது ஒன்றே போதும் என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தரகர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு இன்னும் பேசினார். லொறி கொண்டு வரலாம், கதவைக் கழற்றலாம் என்கிற அளவுக்குக் கதை போய்விட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஷிப்னாவின் குரல் வந்தது. கோபமே இல்லை. உப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வாப்பா, அவங்களுக்கு அலுமாரியக் கட்டிக் குடுங்க. நான் இங்கேயே இரிக்கன்."

முதலில் சிரித்தது உண்மையான மாப்பிள்ளைதான், பாவம். சிரித்த கையோடு அவருடைய உம்மா எழுந்துவிட்டார். பழக்கூடையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

வாசல் வெறுமையானதும் மாமா என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் மிகவும் களைத்த குரலில், "நீ டொல்பினோடேயே இரி மகன். அதுகளக் கலியாணம் பேச ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார்.

அன்று பின்னேரம் குசினி வாசலில் ஷிப்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாரியை மாற்றிவிட்டு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒரே நாள்ல ரெண்டு கூட்டம் என்னப் பாக்க வந்திச்சி. ரெண்டும் என்னப் பாக்கல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு சேர்ந்து கோப்பைகளைத் துடைத்தேன். ஒன்றை உடைத்தும் வைத்தேன்.

மாமி என்னோடு பேச நெடுநாள் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணப் பேச்சும் அழைப்பிதழ் அடிக்கிற வரைக்கும் என் காதுக்கு வந்ததில்லை. அடுத்த வருடம் ஷிப்னாவைப் பார்க்கப் புத்தளத்திலிருந்து நிஸ்தார் என்கிற வாத்தியார் வந்தபோது, மாமி முன்னெச்சரிக்கையாக அலுமாரியைக் கட்டில் விரிப்பால் முழுக்க மூடிவிட்டாராம். அறைக்குள் ஏதோ ஒன்று ஆளுயரத்துக்குப் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து நிஸ்தார் திடுக்கிட்டாலும், மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை. கலியாணம் முடிந்த பிறகுதான் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவுதானா என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மாமாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

நான் கொஞ்சக் காலம் வாந்தி எடுத்துக்கொண்டே டொல்பின் காட்டினேன். பிறகு தரையில் வேறு வேலை கிடைத்தது. ரிஸ்வியா மேடத்தின் குழு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. என்னை அல்ல, மாமாவைத் தேடி. டொக்டரும் மாமாவும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலே சாய்மனைக் கதிரைகளில் மணிக்கணக்காக இருப்பார்கள். நான் மொழிபெயர்க்க முன்வந்தால் இருவரும் ஒன்றாகக் கையை உயர்த்தித் தடுப்பார்கள்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் மாமா மாதிரிச் சொல்ல ஆள் இல்லை. கலியாண வீடு, பெருநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் அவரிடம் கேட்போம். டொக்டராகவும் தரகராகவும் மாறி மாறி நடிப்பார். வேன் யன்னலுக்குள் நான் தலையை நீட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தி, என்னையே எழுந்து நடித்துக் காட்டச் சொல்லுவார். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து நடித்திருக்கிறேன்.

மாமாவின் கடைசிக் காலத்தில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவன் நான்தான். மூச்சு வாங்கும், பேச்சுக் குறைந்திருந்தது. ஒரு நாள் தமிழ் தெரியாத இளம் டொக்டர் ஒருவர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டார். மாமா கண்ணைத் திறந்து, என்ன கேட்கிறார் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"வயசு கேக்குறார் மாமா" என்றேன்.

மாமா மூச்சை இழுத்து, ஆறுதலாக விட்டார்.

"என்டயா, அலுமாரிடயா?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். மாமாவும் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். குழாயைக் காதில் மாட்டிய அந்தப் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமா இப்போது இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாரிடமாவது வயதைக் கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள்கூட நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.